எதிர்வீட்டு எலி

ஹைதராபாத்தில் எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததற்கு ஒரே காரணம், அப்பாவின் நெற்றியில் இருந்த விபூதி. வழக்கமாக அவர் விபூதி பூசுகிறவர் இல்லை. அன்றைக்கு ஆபீஸில் புது வேலை ஒன்று தொடங்குகிறது என்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, அதே கோலத்தில் எங்களையும் அழைத்துக்கொண்டு தார்நாகாவுக்கு வீடு பார்க்க வந்திருந்தார். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஹவுஸ் ஓனர் ரிட்டயர் ஆன ஒரு அதிகாரி. அப்பாவின் நெற்றியைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார், தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டார். தமிழர்கள் என்றால் இட்லி, சாம்பார், தயிர்சாதம், சுத்த சைவம், தனக்கு எல்லாம் தெரியும் என்று இங்கிலீஷில் அவரே சொல்லிக்கொண்டு போனார். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையை மெல்ல இழுத்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. மீன் இல்லாத நாளை அப்பா விரத நாள் என்றுதான் சொல்வார்.

அம்மா சட்டையை இழுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அந்த வருடத்தில் அது எங்களுக்கு மூன்றாவது வீடு. கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு ரயிலிலும் எங்களைப் போல நாலு குடும்பம் வந்து இறங்கியது. ஊரில் இருந்தவர்களுக்கு ஹைதராபாத் என்றால் கிட்டத்தட்ட வெளிநாடுதான். பேச்சு புரியாது, மாமன் மச்சான் கிடையாது, ஓனர் காலி செய்யச் சொன்னால் கேட்க நாதி கிடையாது. இதற்கு முன் திருமுல்கேரியில் இருந்த வீட்டை ஓனரின் தம்பிக்கு வேண்டும் என்று ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அம்மா தானே பெட்டி தூக்கினாள். அதன்பிறகு வயிற்றுவலி என்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டே வந்தாள். வயிற்றுவலிக்கு ஏன் அப்பாவும் அழுதார் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"யாரு கேட்டாலும் நம்ம வீட்ல சாம்பார், என்ன? முட்டைங்கிற வார்த்தைகூட வாயில வரப்படாது. நமக்கு முன்னால இருந்தவங்களை ஆம்லெட் வாசனைக்கே அனுப்பிட்டாராம்."

எனக்கு ஒன்பது வயது. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்ட மாதிரி நாட்டில் எந்த அதிகாரியும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். வீட்டில் தெலுங்கும் ஹிந்தியும் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காய்கறி வண்டிக்காரரிடம், கேஸ் கொண்டுவருகிறவரிடம், இஸ்திரிக்காரரிடம் அம்மாவுக்காகப் பேசியது நான். அந்தப் பெருமையோடு காவல் பெருமையும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனத்நகருக்குப் போய், அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் மீன் சாப்பிட்டுவிட்டு வருவோம். அவர் தனிக்கட்டை, எங்கள் ஊர்க்காரர், நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். திரும்பும்போது மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, வாயில் ஏலக்காய் போட்டு மென்று, லிஃப்டில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஓனரைவிட எனக்கு எதிர்வீட்டு ஆண்டியின் மேல்தான் சந்தேகம்.

எங்கள் தளத்தில் இரண்டே வீடுகள். இரண்டு சமையலறை ஜன்னல்களுக்கும் நடுவே குழாய்கள் இறங்கும் ஒரு குறுகிய சந்து. அதை எல்லாரும் டக்ட் என்பார்கள். கையை நீட்டினால் அந்தப் பக்கம் தொட்டுவிடலாம் போல இருக்கும். இங்கே கடுகு தாளித்தால் அங்கே ஆண்டி தும்முவார். அவர் கணவருக்கு ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை. மிகவும் ஆசாரமானவர்கள். வந்த புதிதில் ஒருநாள் சர்க்கரை வாங்கப் போன நான் நேரே அவர் சமையலறைக்குள் நுழையப் போனபோது, "லோபலிகி ராவத்து" என்று கையை நீட்டி மறித்துவிட்டார். உள்ளே வராதே. குளித்து ஈரத்துணி கட்டியவர் தவிர யாரும் நுழையக்கூடாத சமையலறையாம். சர்க்கரையைக் கைபடாமல் மேலேயிருந்து என் கிண்ணத்தில் போட்டார். அந்த நிமிஷமே அவர் என் எதிரி ஆகிவிட்டார்.

அதற்கப்புறம் சாட்சியங்கள் குவிந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் ஆண்டி எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பார். எங்கள் மேஜையில் அவருடைய எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ளே எலுமிச்சம்பழச் சாதமோ, ஊறவைத்த நார்த்தங்காயோ. அம்மாவுக்குத் தெலுங்கில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆண்டிக்குத் தமிழ் சுத்தமாக வராது. அப்படியிருக்க ஒரு மணி நேரம் என்ன பேசினார்கள்? நான் இல்லாமல் எப்படிப் பேசினார்கள்? ஒருநாள் கதவு இடுக்கில் பார்த்தேன். ஆண்டி விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக் காட்ட, அம்மா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைக் கண்டதும் இருவரும் கப்சிப்.

"என்னம்மா பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லட்டி. போயி மூஞ்சியக் கழுவு."

அம்மாவும் அப்போது சரியில்லை. காலையில் வாந்தி எடுத்தாள். எந்நேரமும் படுத்துக் கிடந்தாள். பஸ்ஸில் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சனத்நகர் பயணம் நின்றுபோயிற்று. என்ன கோளாறு என்று கேட்டால் "வயிறு சரியில்ல" என்பார்கள். வயிறு சரியில்லாதவளுக்கு எதற்கு அத்தனை புளிப்பு? ஆண்டியின் டப்பாக்களை நான் மோந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டை மட்டும் இப்போது மாற்றவே முடியாது, அப்படி ஒரு நிலைமை வந்தால் அம்மாவால் தாங்க முடியாது என்று அப்பா போனில் ஊருக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அதற்கப்புறம் என் காவல் இன்னும் கடுமையாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து மக்ரூன் டப்பா வந்தது.

ஊருக்குப் போய்வந்த சித்தப்பாவிடம் என் தாய்மாமா கொடுத்து அனுப்பியது. தூத்துக்குடி மக்ரூன் என்றால் எனக்கு உயிர். டப்பாவைப் பறித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் பையையும் மீறி ஒரு வாசனை முகத்தில் அறைந்தது. நெத்திலிக் கருவாடு. ரயிலில் யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்று மாமா செய்த தந்திரம் அது. ஒன்றரை நாள் மடியில் வைத்துக் கொண்டுவந்த சித்தப்பாவே மக்ரூன் ஏன் இப்படி மணக்கிறது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தாராம்.

அப்பா டப்பாவைப் பிடுங்கி மூடினார். "இதை இப்பவே கொண்டுபோயி எங்கயாவது போட்டுட்டு வாறேன்" என்று கிளம்பினார்.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒரே ஒரு தடவைங்க. கத்திரிக்காயப் போட்டு, புளியக் கரைச்சு விட்டு, ஒரே ஒரு குழம்பு. நாலு வாரமா ஒரு வாய் சோறு உள்ள போகல. நாந்தான அண்ணன்ட்ட கேட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு குழம்புக்காக வீட்டைப் பணயம் வைக்கிற அம்மாவை அப்போது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

திட்டம் போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓனர் குடும்பத்தோடு பஜனைக்குப் போய் சாயங்காலம்தான் வருவார். அதற்குள் வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்துவிட வேண்டும். அப்பா வாசலில் அரை டஜன் ஊதுபத்தி கொளுத்தினார். டக்ட் பக்க ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டு திணிக்கப்பட்டது. நான் ஸ்டூல் போட்டு ஏறி, வாசற்கதவின் கண்ணாடி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

குழம்பு கொதித்தபோதுதான் மழை பிடித்தது. மழைக்காற்று வாசனையை மேலே போகவிடாமல் மாடிப்படியிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஊதுபத்தியும் கருவாடும் கலந்த அந்த மணத்துக்கு உலகத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை. மழையால் பஜனை சீக்கிரம் முடிந்துவிட்டது போல. லிஃப்ட் சத்தம் கேட்டது. கீழ்வரைக்கும் இறங்கிய வாசனையைத் தேடி ஓனர் எங்கள் தளத்தில் வெளியே வந்தார். கையில் நனைந்த குடை. மூக்கை நிமிர்த்திக்கொண்டு, வலதுபக்கம் ஒருமுறை, இடதுபக்கம் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு நேராக எங்கள் கதவை நோக்கி வந்தார்.

"ஓனர்" என்றேன். உள்ளே அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு வந்து என் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

ஓனர் மணியை அழுத்தக் கையைத் தூக்கினார். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

காட்டிக்கொடுக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆண்டி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். முகம் குமட்டலில் கோணியிருந்தது. ஓனர், "ஏம் வாசனம்மா இதி?" என்று கேட்டார். ஆண்டி எங்கள் கதவை ஒரு தடவை பார்த்தார்.

"எலுக சச்சிந்தண்டி. மா இண்ட்லோனே."

எலி செத்துக் கிடக்கிறது, எங்கள் வீட்டில்தான். நான் அதை அப்படியே அம்மாவுக்குக் கிசுகிசுத்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஓனர் சுலபத்தில் விடுகிறவர் இல்லை. வாசனை இந்தப் பக்கமிருந்து அல்லவா வருகிறது என்றார். டக்ட் வழியாகச் சுற்றி வருகிறது, மூன்று நாளாகவே இப்படித்தான், தேடிக்கொண்டே இருக்கிறேன் என்றார் ஆண்டி. அப்படியானால் இப்போதே தேடிவிடலாம் என்று ஓனர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஆண்டி ஒரு கணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் ஓட்டை வழியாகப் பார்த்து, ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். மழையில் சேறு மிதித்த காலோடு வாட்ச்மேன் அந்தச் சமையலறைக்குள் போனார். ஃப்ரிட்ஜ் நகர்ந்தது. சாமி அலமாரி நகர்ந்தது. பருப்பு டின்கள், அரிசி டிரம், கடைசியில் வெள்ளைத் துணி கட்டிய இரண்டு பெரிய ஊறுகாய் ஜாடிகளும் வராந்தாவுக்கு வந்தன. வேறு யார் கையும் படாமல் ஒரு வருடத்துக்கென்று போட்டு வைத்த ஆவக்காய் மாங்காய் ஜாடிகள் அவை. ஆண்டி அந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என்னைச் சர்க்கரைக்காக வாசலில் நிறுத்தியவருக்கு நன்றாக வேண்டும்.

கடைசியில் ஆண்டி உள்ளே போய் என் காதுக்கு எட்டாமல் ஏதோ சொல்ல, வாட்ச்மேன் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். "மில் கயா சாப். பஹுத் படா தா" என்றார். கிடைத்துவிட்டது, ரொம்பப் பெரியது. ஓனர் கிட்டே வந்து பார்க்கவில்லை. குடையை உதறிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் திரும்பினேன். அம்மா தரையில் உட்கார்ந்து, கரண்டியைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள். "எலிதாம்மா செத்துருக்கு, நாம தப்பிச்சிட்டோம்" என்று மறுபடியும் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அவள் இன்னும் அழுதாள். குழம்பு ஆறிப்போன வருத்தம் என்று முடிவு செய்தேன். அப்பா அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அன்றைக்கு அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சாயங்காலம் மறுபடி ஓட்டையில் கண் வைத்தபோது எல்லாமே விளங்கிவிட்டது. ஆண்டி அந்த இரண்டு ஊறுகாய் ஜாடிகளையும் அப்படியே தூக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சலாம் வைத்து வாங்கிக்கொண்டார். ஒரு வருடத்து ஊறுகாயை யாராவது சும்மா கொடுப்பார்களா? எலி ஜாடிக்குள் விழுந்து செத்திருக்கிறது! அந்த ஊறுகாயைத்தான் போன வாரம் எங்கள் அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார்!

இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? மறுநாள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு பேரிடம் சொன்னேன். புதன்கிழமைக்குள் கட்டிடத்துப் பிள்ளைகள் எல்லாம் மாடிப்படியில் "அசார் மே சூஹா" என்று ராகம் போட்டுப் பாடின. ஊறுகாயில் எலி. ஆண்டி கூடையோடு படியிறங்கும்போது பாட்டு நின்று சிரிப்பு கிளம்பும். நான் சிரிக்கவில்லை. கண்டுபிடித்தவளுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

இரண்டு வாரம் கழித்து வரலட்சுமி விரதம் வந்தது. ஆண்டி குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்துவிட்டு வந்தார். அவர்கள் வழக்கப்படி, வருகிற பெண்களின் காலுக்கு மஞ்சள் பூசி, ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுப்பார்கள். அதை வாயனம் என்பார்கள். டாக்டர் இறங்கக் கூடாதென்ற கட்டிலைவிட்டு எழுந்து அம்மா பட்டுப்புடவை கட்டினாள். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் சின்னச் சின்னத் தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. ஒரு அண்டா நிறைய ஊறிய கடலை. ஆண்டி அம்மாவை மணையில் உட்கார வைத்து, குனிந்து காலுக்கு மஞ்சள் பூசினார். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். லிஃப்ட் மேலே போய்விடும். மறுபடி குனிவார். ஏழு மணியாயிற்று. எட்டு ஆயிற்று. ஒரு தட்டுதான் எடுக்கப்பட்டிருந்தது. மற்ற பதினொன்றும் அப்படியே இருந்தன. இன்றைக்கும் யார் வீட்டிலாவது தட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்கு நெஞ்சை என்னவோ செய்யும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஏன் யாருமே வரலைன்னு கேளு."

நான் கேட்டேன். ஆண்டி என்னைப் பார்த்தார். நல்ல நீளமான பார்வை. நான் தரையில் இருந்த கோலத்தைப் பார்த்தேன்.

"வாள்ளகி பனுந்தம்மா" என்றார்.

"அவங்களுக்கெல்லாம் வேலை இருக்காம்" என்று ஒரு எழுத்து மாறாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

கிளம்பும்போது ஆண்டி என்னைக் கூப்பிட்டு, என் இரண்டு கையும் நிறையக் கடலையை அள்ளி வைத்தார். இந்தத் தடவை மேலேயிருந்து போடவில்லை. அவர் விரல்கள் ஈரமாக என் உள்ளங்கையில் பட்டன. பிறகு அம்மாவின் வயிற்றின் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமல், கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டார். மந்திரம் என்று எனக்கு உடனே பட்டது. அடுத்த தை மாதம் தம்பி பிறந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே தவழ்ந்து, குளிக்காத உடம்போடு அந்தச் சமையலறைக்குள் நேராக நுழைந்து ஆண்டியின் காலைக் கட்டிக்கொண்டபோதுகூட, அந்த மந்திரத்தின் மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனேன். எலிக்காரி கொடுத்ததைச் சாப்பிட நான் என்ன முட்டாளா? டக்ட் பக்க ஜன்னலைத் திறந்து இரண்டு கைக் கடலையையும் வெளியே கொட்டினேன். அது குழாய்களில் பட்டுச் சிதறிக் கீழே போயிற்று. நிமிர்ந்தால், கையெட்டும் தூரத்தில் எதிர் ஜன்னலில் ஆண்டி. கடலை அண்டா கையில் இருந்தது. என் வெறுங்கையைப் பார்த்தார். மெல்ல ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்லிவிடுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவர் எப்போதும்போல டப்பாவோடு வந்தார், போனார். மூன்றாம் நாளும் அடி விழவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குற்றம் அவர் பக்கம் இருக்கிறது, அதனால் என்னைக் கண்டு பயப்படுகிறார். இனி நம் வீட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காதருகே போய்ச் சொன்னேன்.

"இனிமே பயப்படாதம்மா. எதிர்வீட்டு ஆண்டி வாயத் தெறக்கவே மாட்டாங்க."

அம்மா கண்ணைத் திறக்காமலே என் தலையில் கை வைத்தாள்.

"அது எனக்குத் தெரியும்ட்டி" என்றாள்.

என் காவலுக்குக் கிடைத்த பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டு, நான் கீழே விளையாடப் போனேன்.